அரண்மனைப் படுதாவில் ஒரு கிழிசல்

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஊர் பாயில் விழுந்துவிட்டால் கூத்தாடி என்ன ஆவான் என்று ஒருத்தரும் சொல்லி வைக்கவில்லை. சொல்லியிருந்தால் அந்த வருஷம் செஞ்சியில் நாங்கள் கொட்டகையே போட்டிருக்க மாட்டோம்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எங்களுடையது சின்ன நாடகக் கம்பெனி. ஊர் ஊராகப் போய் ஓலைக் கொட்டகை போட்டு, ஒரு மாதமோ இரண்டு மாதமோ தங்கி நாடகம் நடத்துவோம். நான் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம். என் வீட்டுக்காரர் பபூன். கோமாளி வேஷம் என்றால் சிலருக்கு இளப்பம். ஆனால் ஜனங்கள் டிக்கெட் வாங்குவது ராஜபார்ட்டின் கிரீடத்தைப் பார்க்கவும் இல்லை, நான் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுவதைப் பார்க்கவும் இல்லை. பபூனைப் பார்த்துச் சிரிக்கத்தான் வருவார்கள். கம்பெனி முதலாளிக்கும் அது தெரியும். அவரை நாங்கள் வாத்தியார் என்போம்.

திருவண்ணாமலை ரோட்டுப் பக்கம், அறுப்பு முடிந்த ஒரு கொல்லையில் கொட்டகை. நாடகம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தொண்டூரிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அப்போதுதான் வாந்திபேதி வந்தது. முதலில் அங்கே ஒருத்தர், இங்கே ஒருத்தர் என்றார்கள். பிறகு பஜாரிலேயே ஒரு வீட்டில் இரண்டு சாவு. காலரா என்று சொல்லிவிட்டார்கள். மேல்மலையனூர் அமாவாசைக்கு பஸ் ஏறுகிறவர்களை நிறுத்தி ஊசி போட்டுத்தான் ஏற்றினார்கள். ஹெல்த் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கி, கொட்டகைக் கதவை மூடச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் அதற்குள்ளேயே அடைந்து கிடந்தோம். சாமானை ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போகலாமென்றால், காலரா ஊரிலிருந்து வருகிறவர்களை யார் சேர்ப்பார்கள்?

பசியைப் பற்றி நான் நீட்டி முழக்கப் போவதில்லை. கேழ்வரகுக் கூழ் குடித்தோம், அதுவும் ஒரு வேளை. பசி எங்களுக்குப் புதிதல்ல. என் பயம் வேறு.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், வேறொரு ஊரில் தங்கியிருந்தபோது, எங்கள் பெண் குழந்தை இதே வாந்திபேதியில் போய்விட்டாள். நாலு வயசு. நான் மேடையில் இருந்தேன். அவர்தான் தோளில் போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினார். நான் வேஷத்தோடு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அங்கே என்ன நடந்தது, டாக்டர் என்ன செய்தார், குழந்தை கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. எத்தனையோ தடவை கேட்டேன். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவருக்குப் பேச்சென்றால் மேடையோடு சரி. மேலே ஏறினால் வாய் ஓயாது, ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். கீழே இறங்கினால் “ம்”, “சரி”, “போடு”. அவ்வளவுதான்.

கொட்டகையை மூடியதும் அந்த மேடைப் பேச்சும் நின்றது. மல்லாந்து படுத்துக் கொட்டகை ஓலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவார், மறுபடி போய்ப் படுப்பார். இந்த மனுஷனும் நம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. கொட்டகை திறந்தால் வாயைத் திறப்பார். திறக்காவிட்டால்? வாத்தியாரோ, “மழைக்கு முன்னாடி தெறக்கலன்னா படுதாவெல்லாம் வித்துட்டு அவங்கவங்க ஊரப் பாத்துப் போங்க” என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு எந்த ஊர் இருக்கிறது?

நானே போய் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். ஒல்லியான மனுஷன். தூக்கம் கெட்டுக் கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. நின்றுகொண்டே வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

“சார், கொட்டகைய தெறக்க இன்னா பண்ணணும்னு சொல்லுங்க, பண்றோம்.”

“நாடகம் பாக்காட்டி யாரும் சாக மாட்டாங்கம்மா.”

எனக்குச் சுரீர் என்றது. “நீங்க பாக்கறதில்லியா?”

“நான் பாத்ததே இல்ல.”

“அதான் ஒங்களுக்குத் தெரியல. பாக்கறவங்க சாவ மாட்டாங்கதான். ஆடறவங்க செத்துடுவாங்க சார்.”

அவர் தோலைத் தூரப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். கொட்டகைக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். தண்ணீர்ப் பானை, சர்பத், சுண்டல், அறுத்த பழம் எதுவும் கொட்டகைப் பக்கமே வரக் கூடாது. குழி வெட்டித் தட்டி மறைத்துக் கக்கூஸ் கட்ட வேண்டும். கொள்கிற கூட்டத்தில் பாதிதான் உள்ளே. கம்பெனி ஆள் ஒருத்தர் பாக்கியில்லாமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நாடகம் பார்க்க வருகிறவர்களும் ஊசி போட்டவர்களாக இருக்க வேண்டும்.

கடைசியில்தான் விஷயம் இருந்தது. ஊரில் ஊசிக்கு எவரும் வருவதில்லை. இன்ஸ்பெக்டர் சைக்கிள் மணி கேட்டால் தெருவே காலியாகிவிடும். ஆஸ்பத்திரிக்கு வந்து போட்டுக்கொள்ளுங்கள் என்றால் நூறு சாக்கு. பெண்கள் சுத்தமாக வருவதேயில்லை. அவர் நாடகத்துக்காக மனம் இரங்கவில்லை. நாடக ஆசையைக் காட்டியாவது ஊருக்கு ஊசி போட்டுவிடலாமா என்று பார்த்தார். பார்க்கட்டுமே. எங்களுக்குத் திறந்தால் போதும்.

வாத்தியாருக்கு ஒரு யோசனை வந்தது. நோட்டீஸ் வண்டியைக் கட்டுவோம் என்றார். கம்பெனிக்காரர்கள் நாடகம் நடக்கும் நாளில் மாட்டு வண்டியில் கொட்டு அடித்துக்கொண்டு பஜாரைச் சுற்றி நோட்டீஸ் வீசுவது வழக்கம். அந்த வண்டியிலேயே இன்ஸ்பெக்டரையும் ஏற்றிக்கொண்டு, வேஷத்தோடு போய், நடுப் பஜாரில் எல்லாரும் பார்க்க ஊசி போட்டுக்கொள்வது. ஜனங்களுக்குப் பயம் தெளியும். முதலில் பபூனுக்கு. அவர் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்?

யோசனை என்னமோ நல்ல யோசனைதான். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் வேஷம் கட்டிக்கொண்டார். முகத்துக்கு வெள்ளை பூசி, மூக்கில் சிவப்பு வைத்து, வண்டியில் ஏறி நின்றார். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் அவரை வேஷத்தில் பார்த்தேன். பஜாரில் நல்ல கூட்டம். கடைத் திண்டிலெல்லாம் ஏறி நின்றார்கள். இன்ஸ்பெக்டர் ஊசியைக் கையில் எடுத்தார்.

அவ்வளவுதான். “அய்யய்யோ!” என்று ஒரு கத்தல். அப்படியே வண்டியில் விழுந்து புரண்டார். கையைக் காலை உதறினார். ஊசி எங்கேயோ, இன்ஸ்பெக்டர் எங்கேயோ. “வேணாம் சார், வேணாம் சார்” என்று கீழே குதித்து வண்டிச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டார். ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வற்றிப் போய்விட்டது. குழந்தைகள் வீல் என்று அழ ஆரம்பித்தன. ஒரு பெண்பிள்ளை இடுப்புக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சந்துக்குள் ஓடினாள். பின்னாலேயே கூட்டம் கலைந்தது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! எங்கே எதைச் செய்வது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? கைதட்டல் கிடைக்கும் என்றால் பிணத்தின் தலைமாட்டிலும் வேடிக்கை காட்டுவார்கள் இந்தப் பபூன்கள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே வண்டியில் ஏறி, ஜரிகைச் சோளியின் கையைச் சுருட்டி, “எனக்குப் போடுங்க சார்” என்றேன். இன்ஸ்பெக்டர் வேறு ஊசி எடுத்துப் போட்டார். நான் முகம் சுளிக்கவில்லை. கண்ணை இமைக்கவில்லை. நாலு பக்கமும் திரும்பிக் கையைக் காட்டினேன்.

மிச்சம் இருந்தவர்களில் ஒருத்தர் சொன்னார், “நாடகக்காரிக்கு இன்னா, அழுவுன்னா அழுவா, சிரின்னா சிரிப்பா. ஊசியில வெறுந் தண்ணிதான் இருக்கும்.” எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பாருங்கள் கூத்தை! அவர் நடித்ததை நம்பினார்கள். நான் நடிக்காததை நம்பவில்லை.

கொட்டகைக்குத் திரும்பியதும் கேட்டேன். “போட்டுக்கினியா இல்லியாய்யா?”

“போட்டுக்கினேன்” என்றார். போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் எனக்கு நல்ல காய்ச்சல். ஊசி போட்ட கை வீங்கி, தூக்க முடியவில்லை. படுத்தால் யார் பார்ப்பது? சுக்கு வாங்கப் பஜாருக்கு நடந்தேன். மளிகைக் கடையில் செட்டியார் இல்லை, அவர் சம்சாரம் உட்கார்ந்திருந்தாள். நாடகம் நடந்தபோது பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் மடியில் வெற்றிலைப் பெட்டியோடு உட்காருகிறவள். நான் இடக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து இறங்கி வந்தாள். கையைத் தொட்டாள்.

“அடியம்மா! கொதிக்குதே. நெசமாவே போட்டுக்கினியா?”

“பின்ன இன்னா நைட்டு நாடகமா அது?” என்று எரிந்து விழுந்தேன். எனக்கு நிற்கவே முடியவில்லை.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு முக்காலியைப் போட்டு உட்காரச் சொன்னாள். வெந்நீர் கொடுத்தாள். “ஜொரம்னா எத்தினி நாளு?” என்றாள்.

“ரெண்டு நாளாம். வாந்திபேதின்னா ஒரு நாளுகூட ஆவாது, தெரியுமா?” என்றேன். என் முகத்தில் அவள் என்ன பார்த்தாளோ, தலையைக் குனிந்துகொண்டாள்.

“எங்களுக்கும் பயமாத்தாம்மா இருக்குது. போட்டுக்கலாந்தான். ஆனா அந்த ஆம்பளகிட்ட ரவிக்கைய ஏத்திக் கையக் காட்டிக்கினு நிக்கச் சொல்றியா? நாங்க இன்னா...” என்று நிறுத்திவிட்டாள். நாங்கள் என்ன நாடகக்காரிகளா என்று சொல்ல வந்தது எனக்குத் தெரியும். கேட்டுப் பழகிய காதுதான். போகட்டும் என்று விட்டேன். ஏனென்றால் அவள் சொன்னதில்தான் வழியும் இருந்தது.

எங்களிடம் அரண்மனைப் படுதா ஒன்று இருந்தது. தூண், விதானம், பெரிய சன்னல் எல்லாம் எழுதிய திரைச்சீலை. ஊர் ஊராய்ச் சுருட்டி விரித்ததில் அந்தச் சன்னல் இருந்த இடத்தில் கொஞ்சம் கிழிந்திருந்தது. அன்று சாயங்காலமே அதை மேடையில் இறக்கி, கிழிசலைக் கத்தரிக்கோலால் ஒரு கை நுழைகிற அளவு பெரிதாக்கினேன். வாத்தியார் ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டார். “படுபாவி, அரண்மனையவே கிழிச்சிட்டியே!” என்றார். கொட்டகை திறக்கவில்லையென்றால் அரண்மனையை வைத்துக்கொண்டு கோவணம் தைக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். காய்ச்சலில் நாக்குக்கு மட்டும் களைப்பு தெரியவில்லை.

படுதாவுக்கு அந்தப் பக்கம் பெண்கள். இந்தப் பக்கம் ஸ்டூலில் இன்ஸ்பெக்டர். சன்னல் வழியாகக் கை மட்டும் வெளியே வரும். அவருக்கு முகம் தெரியாது, அவர்களுக்கு அவர் தெரியாது. நான் உள்ளே இருந்து ஒவ்வொருத்தியையும் உட்கார வைத்து, தோளைப் பிடித்துக்கொண்டு, “கண்ண மூடிக்கோம்மா” என்பேன். முதல் கை செட்டியார் சம்சாரத்துடையது. வளையல் சிணுங்க வெளியே போய், “ஸ்ஸ்” என்ற சத்தத்தோடு உள்ளே வந்தது. “இவ்ளோதானா?” என்றாள். பஜாருக்குப் போய், “அரமனைக்குப் போய் ஊசி போட்டுக்கினு வந்தேன்” என்று சிரித்தாளாம். அடுத்த நாள் அவள் தெரு முழுக்க வந்தது. அதற்கடுத்த நாள் கொல்லைகளிலிருந்து, சேற்றுக் காலோடு, களை பறித்த கையோடு வந்தார்கள். பெண்கள் போட்டுக்கொண்ட பிறகு ஆண்கள் பயப்பட வெட்கப்பட்டார்கள். மீசையை முறுக்கிக்கொண்டு படுதாவுக்கு முன்னாலேயே போட்டுக்கொண்டார்கள்.

இப்போது எழுதும்போது உற்சாகமாகப் படுகிறது. அப்போது உற்சாகம் எதுவும் இல்லை. காலையிலிருந்து நின்று நின்று காலில் நீர் கோத்துக்கொண்டது. இன்ஸ்பெக்டர் இரண்டு ஊசிக்கு நடுவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். நீட்டிய கை நீட்டியபடி நிற்கும். “சார், கை காத்துக்கினு இருக்குது” என்று படுதாவைத் தட்டி எழுப்புவேன். கிணற்றில் போட்ட மருந்து வாடையில் கூழ்கூட இறங்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் சாவுச் செய்தி நின்றபாடில்லை. ஆனால் ஒன்று இரண்டாகக் குறைந்துகொண்டு வந்தது. ஒரு நாள் இன்ஸ்பெக்டர், “வெள்ளிக்கிழமை தெறந்துக்கங்க. ஆறு மணிக்கு ஆரம்பிச்சுப் பத்துக்குள்ள முடிக்கணும்” என்றார். நான் உடனே என் வீட்டுக்காரரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். “சரி” என்றார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கொட்டகை வாசலில் வரிசை. ஒரே வழி, ஒரே வாசல் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். கம்பெனி ஆட்கள்கூடப் பின்பக்கத் தட்டியைத் தூக்கிக்கொண்டு நுழையக் கூடாது. செட்டியார் சம்சாரம் தானாகவே பெண்கள் வரிசையில் நின்று, யார் போட்டுக்கொண்டவள் யார் போட்டுக்கொள்ளாதவள் என்று கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்தாள். கடைசியாக நோட்டீஸ் வண்டி ஊரைச் சுற்றிவிட்டு வந்து நின்றது. அதிலிருந்து பபூன் இறங்கினார். ஜனங்கள் அவரைப் பார்த்ததுமே சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கையை நீட்டித் தடுத்தார். “நீங்க நில்லுங்க. உங்களுக்கு இன்னும் மருந்து உள்ள போகல.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “அன்னிக்கே போட்டுக்கினேன்னு சொன்னாரே சார்?”

“எங்கம்மா போட்டேன்? ஊசி மண்ணுல விழுந்துச்சு. அன்னிலேருந்து இவர நான் தேடறேன், இவர் என்னப் பாத்தா ஒளிஞ்சுக்கறாரு.”

வாத்தியார் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். “ஆட்டம் முடிஞ்சதும் போட்டுக்குவாரு சார். பபூன் இல்லாம எப்படி...” இன்ஸ்பெக்டர் அசையவில்லை. ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா என்றார். இவர் போட்டுக்கொள்ளவில்லையென்றால் யாரும் உள்ளே போகப் போவதில்லை, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்றார். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. “இன்னொருவாட்டி உருளு நைனா, பாக்கலாம்!” என்று எவனோ ஒருத்தன் கத்தினான். எல்லாரும் சிரிக்கத் தயாராக நின்றார்கள்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பூச்சுக்குக் கீழே உதடு நடுங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு வண்டியில் அவர் விழுந்து புரண்டாரே, அது வேடிக்கை காட்டியது இல்லை. பயந்து கத்தியது. ஊர் ஜனம் அதை முதலிலேயே கண்டுகொண்டுதான் ஓடியது. கட்டின பெண்டாட்டி நான்தான் நடிப்பென்று நினைத்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

“வேணாம்யா, வா, போயிடலாம்” என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். கொட்டகையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று ஆகிவிட்டது எனக்கு.

அவர் போகவில்லை. பட்டை பட்டையாகக் கோடு போட்ட சட்டையின் கையைத் தானே மேலே ஏற்றினார். இன்ஸ்பெக்டர் பக்கம் கையை நீட்டிவிட்டு, முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊசி இறங்கியது. சத்தமே இல்லை. சிரிக்கத் தயாராக இருந்தவர்களும் சிரிக்கவில்லை. ஊசியை எடுக்கிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு டாக்டரு ஊசி போட்டப்ப பாப்பா அழுவல புள்ள” என்றார். “ஊசின்னாலே ஊரக் கூட்டுமே அது. நாந்தான் கையப் புடிச்சுக்கினு இருந்தேன். அழு பாப்பா, அழு பாப்பான்னு சொன்னேன். அழுவவேயில்ல.”

இரண்டு வருஷமாக நான் கேட்டதற்குப் பதில் அது. கொட்டகை வாசலில், நோட்டீஸ் வண்டிக்குப் பக்கத்தில், அத்தனை பேர் நடுவில் வந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். செட்டியார் சம்சாரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்ஸ்பெக்டர் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, “போங்க, உள்ள போங்க” என்றார்.

நாடகம் நடந்தது. கூட்டம் பாதிதான், ஒரு ஆள் இடம் விட்டு ஒரு ஆள். சிரிப்பும் அங்கங்கே சிதறித்தான் கேட்டது. அவர் ஒற்றைக் கையாலேயே எல்லாச் சேஷ்டையும் செய்தார். எனக்குப் பாட்டில் இரண்டு அடி மறந்து போய், ஆர்மோனியக்காரர் எடுத்துக் கொடுத்தார். அரண்மனைச் சன்னலில் ஓட்டை அப்படியே இருந்தது. நாடகம் பார்த்ததே இல்லை என்ற இன்ஸ்பெக்டர் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதல் பாட்டு முடிவதற்குள் தூங்கிப் போனார். முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. யாரும் எழுப்பவும் இல்லை.

மறுநாள் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. கை வீங்கிவிட்டது. பகல் பூராவும் நெற்றியில் ஈரத் துணி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் குழந்தையைப் பற்றியே பேசினார். டாக்டர் வீட்டு வாசலில் கட்டியிருந்த ஆட்டைப் பாப்பா எட்டிப் பார்த்தாளாம். அம்மா வேஷம் கலைத்துவிட்டாளா என்று கேட்டாளாம். தண்ணீர் கேட்டாளாம். சொல்லிவிட்டு நிறுத்துவார், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

வாத்தியார் வந்து எட்டிப் பார்த்து, “ஜொரத்துல பெனாத்துறாம்மா, கொஞ்சம் தூங்க வையி” என்றார்.

“பேசட்டும் வாத்தியாரே” என்றேன்.